கடைசி அங்குலம்

பழைய கார் வாங்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீங்க அக்கா,
பெயிண்ட் பொய் சொல்லச் சம்பளம் வாங்குகிற சாமான்.
முன் சீட்டு பெல்ட்டைப் பிடித்து
கடைசி அங்குலம் வரை இழுங்க.
அந்த அங்குலத்தை மட்டும் எவனும் கழுவுவதில்லை.
வண்டல் இருந்தால் டிசம்பர்.
வண்டலோடு கறுப்பாய்ப் பிசுபிசுத்தால்
எண்ணூர் டிசம்பர்.

ஜெசிந்தா அக்கா தலையாட்டிக்கொண்டே
சிவப்பு ஸ்விஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஸ்டான்லியில் இருபத்தொன்பது வருஷ நைட் டூட்டி,
இப்போதுதான் முதல் கார்.

மூலக்கடை மேம்பாலத்துக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை.
"ஒரே ஓனர் சார், டாக்டர் வண்டி."
வடசென்னையில் இத்தனை டாக்டர்களா?
மீட்டரில் நாற்பத்திரண்டாயிரம்.
பிரேக் பெடல் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்து
ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டேன் என்கிறது.
நான் ரப்பர் கட்சி.

என்னுடையது எஸ்டீம், தொண்ணூற்றேழு மாடல்.
கதவின் அடியில் உப்புக்காற்று தின்ற ஓட்டை,
தண்டையார்பேட்டையில் துருவே இல்லாத காரென்றால்
நேற்று வந்ததென்று அர்த்தம்.
பதினைந்து வயது தாண்டி மூன்று முறை எஃப்.சி.
மூன்றாம் முறை ஆபீசர் பானட்டைத் திறக்கவில்லை.
சுற்றி ஒரு நடை. டயருக்கு ஒரு உதை.
"இன்னும் எதுக்கு சார் இது?"
பசுமை வரி கட்டினேன்.
புகை டெஸ்ட் வேனில் ஒரு பையன்
சைலன்சருக்குள் குழாயைச் செருகி
எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி எண்ணைப் பார்த்தான். பாஸ்.
அவன் முதுகுக்குப் பின்னால் தூரத்தில் மணலி புகைந்தது.
அதற்குக் குழாய் செருக
எவ்வளவு பெரிய பையன் வேண்டும்!

சட்டத்துக்கு நான் எதிரி இல்லை.
இண்டிகேட்டர் இல்லாத கண்டெய்னர் டிரெய்லரோடு
தினமும் எண்ணூர் நெடுஞ்சாலையைப் பங்குபோடுகிறவன்
எதிரியாக முடியாது.
வயதைப் பார்க்காதே, உடம்பைப் பார் என்கிறேன், அவ்வளவுதான்.
மேலே தூக்கு, விளக்கடி, சேசிஸைத் தட்டு,
சத்தம் கேள்,
அப்புறம் எழுது மரண சர்டிபிகேட்.

தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி ரேஸ் நடந்தபோது
நான் வால்டாக்ஸ் ரோடு டிராஃபிக்கில்.
கண்ணாடியை இறக்கினேன்.
நாலு, மூணு, ரெண்டு என்று
கியர் இறங்குகிற சத்தம் சுவர்களில் மோதி வந்தது.
முன்னால் நின்ற ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்.
அதே வாரம் வியாசர்பாடியில்
சைலன்சர் மாற்றிய பையன்களுக்கு அபராதம்.
அதுவும் சரிதான், பிரசவ வார்டு பக்கத்தில் குடியிருந்து பாருங்கள்.
ஆனால் அவன்கள் எங்கே போய் ஓட்டுவான்கள்?
பதினோரு வயதில் சோழவரம் வேலிக்கு வெளியே நின்றேன்,
காசில்லாமல்.
பந்தயக் கார் சிதறிய கல் ஒன்று
புருவத்தைப் பிளந்தது.
நான் எடுத்த முதல் லைசென்ஸ் அது.

இதையெல்லாம் நான் பேசிக்கொண்டிருக்கையில்
அக்கா பெல்ட்டை இழுத்துவிட்டிருந்தார்.
கடைசி அங்குலம் கறுப்பு.

புரோக்கர் குல்சாருக்கென்று
ஒரு வார்த்தை வைத்திருந்தேன், நல்ல காரமாக.
அவன் முந்திக்கொண்டான்.
"டாக்டர் வண்டி இல்லக்கா. என் வண்டி. எர்ணாவூர்.
மூணு நாள் தண்ணில கெடந்துச்சு.
பயத்துல ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணிட்டேன்.
ஸ்டார்ட் பண்ணதால கெளெய்ம் கெடையாதுன்னுட்டான்."

அக்கா விரலை மூக்கருகே கொண்டுபோனார்.
"எங்க வீட்டுச் செவுத்துல
இடுப்பு உயரத்துக்கு இதே கோடு இருக்குடா.
ரெண்டு தடவ வெள்ளையடிச்சும் தெரியுது."

வயரிங் முழுக்க மாற்றணும், ஏர்பேக் கம்ப்யூட்டர் போயிருக்கும்,
சீட்டுக்கடியில் துரு ஓடும் என்றேன்.
எல்லாம் உண்மை.
இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை.

பெல்ட் உள்ளே போக மறுத்துத்
தொங்கிக்கொண்டிருந்தது.
"எவ்ளோடா சொல்ற?" என்றார் அக்கா.